நாங்களா, நாமா? எங்கள் சுவரில் வரைய வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்ணகி நகரின் அடுத்த சுவரோவியத்தை வரையப்போகும் ஓவியர்களுக்கும், அவர்களை அழைத்து வருகிறவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்களில் இரண்டு பேர் எங்கள் பிளாக்கின் பக்கச் சுவரை அளந்துகொண்டிருந்தீர்கள். அன்று லாரித் தண்ணீர் வரும் நாள். இரண்டு கையிலும் குடத்தோடு வந்த என்னை நிறுத்தி, டேப்லெட்டில் ஒரு படத்தைக் காட்டினீர்கள். "இளமை, நகரம், இணைப்பு, இதுதான் தீம். எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டீர்கள். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

அந்தப் பதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான். மீதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான்கு இளைஞர்கள். ஒரு பெண் காதில் சிவப்பு ஹெட்போன். ஒரு பையன் கையில் ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகை. இன்னொருத்தி ஸ்ட்ரா போட்ட காபிக் கோப்பையோடு சிரிக்கிறாள். பின்னால் எல்.ஐ.சி. கட்டடம், சென்ட்ரல் ஸ்டேஷன் கோபுரம், நேப்பியர் பாலம். எல்லாரையும் சுற்றிக்கொண்டு ஒரே மஞ்சள் கோடு பாம்பு மாதிரி போகிறது. அந்தக் கோட்டில் கை நடுக்கம் இல்லை. பழகிய கை போட்டது என்று பார்த்ததும் தெரிந்தது. எனக்கு அது தெரியும், ஏனென்றால் என் அப்பா பேனர் ஓவியர். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் பிளாக்கில் சக்கரப் பலகை வைத்திருக்கிற பையன் யார்? அதை ஓட்ட இங்கே எந்தத் தெருவில் பத்தடிக்குப் பள்ளமில்லாத ரோடு இருக்கிறது? அவன் வேளச்சேரி மாலில் இருந்து வழிதவறி வந்தவன் போல இருக்கிறான். வரட்டும், தப்பில்லை. ஆனால் எங்கள் சுவரில் முப்பதடி உயரத்துக்கு அவன் நிற்கப்போகிறான் என்றால், அவனுக்குப் பக்கத்தில் எங்கள் பையன்களும் நிற்க வேண்டாமா?

உங்களில் சிலருக்கு எங்கள் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கு உள்ளே 2000ஆம் ஆண்டுவாக்கில் கட்டத் தொடங்கிய குடியிருப்பு இது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இருந்தும், தீப்பிடித்த குடிசைப் பகுதிகளில் இருந்தும், சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் இருந்தும் ஆட்களை ஏற்றிவந்து இங்கே இறக்கினார்கள். இப்போது கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பக்கத்து எழில் நகரையும் சேர்த்தால் 23,000 தாண்டும். நாங்கள் வந்தபோது எனக்கு ஆறு வயது. லாரியில் அம்மியின் மேல் உட்கார்ந்துகொண்டு வந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்தபோது அம்மா வேலை பார்த்த வீடுகளுக்கு நடந்தே போய் வந்தாள். இங்கே வந்த பிறகு இரண்டு பஸ். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்ட அக்காக்கள் எங்கள் வரிசையிலேயே ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

ஆகவே 'இணைப்பு' என்ற சொல்லை எங்களிடம் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். அறுந்ததை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரியில் 'கண்ணகி நகர்' என்று எழுதாமல் 'துரைப்பாக்கம்' என்று எழுதச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டியூஷன் அண்ணன். நான் முதல் வேலைக்குப் போனபோதும் அப்படித்தான் எழுதினேன். பின்கோடு ஒன்றுதானே, கண்டுபிடிக்கவா போகிறார்கள்?

2020 தொடக்கத்தில் முதல் ஓவியங்கள் வந்தன. சென்னை மாநகராட்சியும் ஒரு கலை அமைப்பும் ஒரு பெயின்ட் நிறுவனமும் சேர்ந்து செய்தது. நம்மூர் ஓவியர் ஏ-கில்லும் வந்தார், வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். கிரேன் போல நீளும் மேடையில் ஏறி, ஆள் உயரத்துக்கு ஒரு கண், ஆட்டோ அளவுக்கு ஒரு சிரிப்பு என்று வரைந்தார்கள். சாயங்காலம் ஆனால் ஊரே கீழே நிற்கும். "டேய், அது உன் மூக்குடா", "இல்லடா, அவன் தங்கச்சி மூக்கு" என்று ஒரே சண்டை. எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் அத்தனை பேர் ஒன்றாக அண்ணாந்து பார்த்தது அதற்கு முன் 2017இல் வீட்டுவரி மாதிரி எதற்கோ மைக்கில் அறிவித்த அன்றுதான். அன்று எல்லார் முகத்திலும் பயம் இருந்தது.

பெயின்ட் காய்ந்த கொஞ்ச நாளில், மார்ச்சில், கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. அதை யாரும் எழுதினதாக நான் பார்க்கவில்லை. அவ்வளவு புத்தம்புது படங்கள், பார்க்க வெளியாள் ஒருத்தர் கூட இல்லை. மாதக்கணக்கில் அந்த ஓவியங்களுக்கு நாங்கள் மட்டுமே ரசிகர்கள். ஏழு பேர் ஒரே அறையில் அடைந்து கிடந்த வீட்டுப் பிள்ளைகள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த வண்ணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு 195 சதுர அடி. அதில் இருந்து பார்த்தால் எதிரே ஒரு பெரிய நீலம் தெரியும். அந்த நீலத்துக்கு நான் பட்ட கடன் இருக்கிறது. அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் நான் நன்றி கெட்டவள்.

அப்புறம் மெல்ல மாறியது. முன்பெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் "கண்ணகி நகரா? வரமாட்டேம்மா" என்று சிக்னலிலேயே இறக்கிவிட்ட ஆட்டோக்காரர்கள், "அந்தப் பெயின்டிங் இருக்குற இடம்தானே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான்கு வார்த்தைதான். அதற்கு முன் எங்கள் ஊருக்கு அடையாளமாகச் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

சரி, என் அப்பாவுக்கு வருகிறேன்.

அண்ணா சாலையில் சினிமா கட்-அவுட்டுகள் நாற்பது அடி, ஐம்பது அடிக்கு நின்ற காலத்தில் அவர் அதில் கை, கால், ஜிகினா வேலை செய்தவர். முகம் மட்டும் மேஸ்திரி போடுவார். 2000க்குப் பிறகு டிஜிட்டல் பிளெக்ஸ் வந்தது. ஒரே ராத்திரியில் அடித்துக் கொடுத்துவிடும் மெஷினோடு தூரிகை போட்டி போட முடியுமா? வெள்ளையடிக்கப் போனார். 2009, 2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதை நிறுத்துவதற்காகத் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் சொன்னபோது, வேலையிழந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அழைப்பு வந்தது. அப்பாவுக்கும் சில வாரம் வேலை. அந்தச் சில வாரம் அவர் வீட்டுக்கு வரும்போது விசிலடித்துக்கொண்டு வருவார்.

2020இல் எங்கள் பிளாக்குக்கு எதிரே வரைந்துகொண்டிருந்தபோது அவர் தினமும் காலையில் போய் நிற்பார். ஒரு நாளும் ஒருவரிடமும் பேசவில்லை. ஒருநாள் மட்டும் பெயின்ட் டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, இந்தச் செவுரு ஓதம் அடிக்கும், கீழ மூணடிக்கு உப்பு பூக்கும். பிரைமர் ரெண்டு கோட்டு குடு" என்றாராம். அந்தப் பையன் தலையாட்டினானாம். நான் அப்பாவிடம், "நானும் ஓவியருதான்னு சொல்றதுதானே?" என்று கேட்டேன். "அவங்க ஆர்ட்டிஸ்ட்டு, நான் பெயின்ட்டரு" என்றார்.

அவரை யாரும் விரட்டவில்லை. கேட்டிருந்தால் யாராவது சந்தோஷமாகத் தூரிகையைக் கொடுத்திருக்கலாம். அவர் கேட்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் எப்படி வந்தது என்றுதான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். இப்போது அந்தச் சுவரில் கீழே மூன்றடிக்கு உப்புப் பூத்திருக்கிறது, காரை பெயர்ந்திருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஞாயிறுகளில் போவது என் வழக்கம். பஸ் இலவசம், ஏசி இலவசம். அங்கே ஓவியப் புத்தக அடுக்கில்தான் கீத் ஹேரிங்கைப் பார்த்தேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, படித்தவர்கள் நீங்கள். கறுப்புக் கோட்டில் முகமில்லாத பொம்மை மனிதர்கள் ஆடுவார்களே, அவர்தான். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் ஒட்டாமல் விட்ட கறுப்புத் தாள்களில் சாக்பீஸால் வரைந்து, அதற்காகப் பலமுறை போலீஸில் மாட்டியவர். முப்பத்தோரு வயதில், 1990இல், எய்ட்ஸ் நோயில் இறந்துபோனார்.

அவர் 1987இல் ஃபிலடெல்பியாவின் தெற்குப் பகுதியில் ஒரு வீட்டுப் பக்கச் சுவரில் வரைந்த ஓவியத்தின் பெயர் 'வீ த யூத்'. இளைஞர்களைக் கொண்டாடும் நகரத்து ஓவியம் என்றால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வரும். மாளிகை இல்லை, மியூசியம் இல்லை. எளியவர்கள் குடியிருந்த பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் ஆண், யார் பெண், யார் எந்த நிறம், எதுவும் தெரியாது. அதை ஹேரிங் தனியாக வரையவில்லை. நியூயார்க்கில் இருந்தும் ஃபிலடெல்பியாவில் இருந்தும் வந்த 14 பள்ளி மாணவர்கள் கூட வரைந்தார்கள். அதற்கு முந்தின வருடம் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்கு இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்த்தார். பல மாடி உயரத் துணியில் இவர் வெளிக்கோடு போட்டுக் கொடுக்க, ஏறக்குறைய ஆயிரம் பிள்ளைகள் உள்ளே தங்களுக்குத் தோன்றியதை எழுதியும் வரைந்தும் நிரப்பினார்கள்.

அவ்வளவு புகழ் பெற்ற ஓவியர், கூட்டத்தின் கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கத் துணிந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பிள்ளைகள் கை என்றால் கோடு பிசகும், பெயின்ட் வழியும். அந்தப் பயம் அவருக்கும் இருந்திருக்கும்தானே? தற்காலிகமாக வரைந்த அந்தச் சுவரை ஊர் விடவில்லை. 2013இல் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். ஹேரிங் மற்றவர்களோடு சேர்ந்து செய்த பொதுச் சுவரோவியங்களில், வரைந்த இடத்திலேயே இன்னும் நிற்பது அது.

அந்தப் பெயரைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 200 வருடம் ஆனதை ஒட்டி வரைந்த படம் அது. அந்தச் சட்டத்தின் முதல் வார்த்தைகளை எடுத்து, 'மக்கள்' இருந்த இடத்தில் 'இளைஞர்'களை வைத்தார். ஆங்கிலக்காரர்களுக்கு வேலை சுலபம், அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு 'வீ'. நம்மிடம் இரண்டு. இளைஞர்களாகிய நாங்களா, நாமா?

நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே நிற்கிறார். நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிட்டார். எங்கள் பள்ளிப் பாடப் புத்தகங்களில் அச்சடித்திருந்த முகப்புரையில் 'இந்திய மக்களாகிய நாம்' என்றுதான் இருந்தது. அதைக் காலைக் கூட்டத்தில் நான்தான் மைக்கில் வாசிப்பேன். வாசித்துவிட்டு மாலையில் போய் முகவரியில் துரைப்பாக்கம் என்று எழுதுவேன்.

இந்தக் கணக்கை உங்கள் படத்தில் போட்டுப் பாருங்கள். டேப்லெட்டில் இருந்தது 'அவர்கள்'. நாங்களே வரைந்து நாங்களே பார்த்துக்கொண்டால் அது 'நாங்கள்'. நீங்களும் நாங்களும் ஒரே சாரத்தில் நின்றால்தான் 'நாம்'. எனக்கு மூன்றாவது வேண்டும். மற்ற இரண்டும் எங்களிடம் ஏற்கனவே நிறைய இருக்கிறது.

இணைப்பைப் பற்றித்தான் படம் என்றால் எங்களிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கப் போகிற அம்மாக்களும், அதே கட்டடங்களில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்புகிற பிள்ளைகளும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவார்கள். அம்மா ஏறுவாள், மகள் இறங்குவாள். சாவி கை மாறும். எங்கள் வீட்டிலேயே அப்படி நடந்திருக்கிறது. ஒரு வருடம் நானும் அம்மாவும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்தப் பஸ் படிக்கட்டில்தான். "சாம்பார் இருக்கு, சூடு பண்ணிக்கோ" என்பாள், டிரைவர் விசிலைக் கேட்டு வண்டியை எடுத்துவிடுவார்.

மொட்டை மாடிக்கு வாருங்கள். ஒரு பையன் ரீசார்ஜ் போட்டால் ஹாட்ஸ்பாட்டில் ஆறு பேர் படிப்பார்கள். போலீஸ் தேர்வுக்கு ஒருத்தன், நர்சிங்குக்கு ஒருத்தி, இன்ஸ்டாவுக்கு நாலு பேர். சிக்னல் கிடைக்கிற மூலை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான், அதனால் எல்லாரும் அங்கேயே ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மஞ்சள் கோட்டை அந்தப் போனில் இருந்து ஆரம்பித்தால் என்ன?

சாயங்காலம் கபடி பார்க்க வாருங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதே, அதன் துணைத் தலைவி கார்த்திகா எங்கள் ஊர்ப் பெண். அந்த வாரம் முழுக்கப் பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் இனிஷியல் மாதிரி முன்னால் போட்டு 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே சொன்னார்கள். எந்தப் பெயரை நாங்கள் விண்ணப்பத்தில் மறைத்தோமோ அந்தப் பெயர். அன்றைக்கு எங்கள் தெருவில் வெடித்த வெடியைத் தீபாவளிக்கு வெடித்ததாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் பிளாக்குப் பிள்ளைகள் இப்போது விளையாட்டுச் சட்டை தைக்கக் கொடுத்தால் முதுகில் பெரிய எழுத்தில் போடச் சொல்வது ஊர்ப் பெயரைத்தான்.

இதையெல்லாம் அப்படியே வரையுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களை நாங்களே கண்ணாடியில் பார்த்துக்கொள்ள முப்பதடிச் சுவர் எதற்கு? வறுமையை வரையச் சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். குடமும் குழாயடியும் வரைந்தால் எங்கள் பசங்களே கரியால் மீசை போட்டுவிடுவார்கள், சொல்லிவிட்டேன். ஹேரிங் மாதிரி முகமே இல்லாமல் வரைந்தாலும் சரி, பூ வரைந்தாலும் சரி. வெளிக்கோட்டை நீங்கள் போடுங்கள், உள்ளே நிரப்ப எங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கலர் தீர்மானிக்கும் கூட்டத்தில் இரண்டு பேர் எங்கள் பிளாக்கில் இருந்து உட்காரட்டும். முடிந்த பிறகு ஓரத்தில் உங்கள் பெயரைப் போடுவீர்களே, அதற்குக் கீழே அவர்கள் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். வேலைக்குக் கூலி இருந்தால் அவர்களுக்கும் கூலி. 'அனுபவம் கிடைக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்தச் சரக்கும் எங்களிடம் நிறைய இருக்கிறது.

ஓ.எம்.ஆரில் நகரத்துக்குள் போகும் வழியில் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம் வருகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பதற்காக அதன் வெளிச்சுவரில் பெரிய பெரிய முகங்கள் வரைந்திருக்கிறார்கள், அதிலும் ஏ-கில்லின் கை உண்டு. பஸ் அங்கே சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்துச் சீட்டில் இருக்கிறவர் அந்த முகங்களைத்தான் பார்ப்பார், அப்புறம் பஸ்ஸுக்குள் இருக்கிற முகங்களைத் திரும்பிப் பார்ப்பார். ஒன்றிரண்டு நொடிதான். அந்த ஒன்றிரண்டு நொடிக்காகத்தான் இவ்வளவு பெயின்டும் என்று எனக்குத் தோன்றும். எங்கள் சுவருக்கும் அது கிடைக்கும். ஆனால் எங்கள் சுவர் ரயில் நிலையம் இல்லை. இதன் பின்னால் அடுப்பு எரிகிறது, இதன் மேல் துணி காய்கிறது. நீங்கள் வரையப்போகும் பெண்ணின் நெற்றிக்கு நேர் மறுபக்கம் எங்கள் வீட்டு சாமி அலமாரி இருக்கிறது. ஆணி அடிக்கும்போது கொஞ்சம் சொல்லிவிட்டு அடியுங்கள்.

வேலைக்கான விவரம் சிலதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி பிறந்த பிறகு இந்தச் சுவரைத் தொடாதீர்கள், மழை நேரே இந்தப் பக்கம்தான் அடிக்கும். மழைநீர்க் குழாய் ஒன்று குறுக்கே வருகிறது, அதைப் படத்தில் எப்படி மறைப்பது என்று நீங்கள் அன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தீர்கள். மூன்றாவது மாடி கார்ப்பென்டர் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "அத்தப் பஸ் கம்பியா ஆக்கிடச் சொல்லு, எல்லாரும் புடிச்சுனு நிக்கட்டும்" என்றார். எனக்கு அது உங்கள் மஞ்சள் கோட்டை விட நல்ல யோசனையாகப் பட்டது. மன்னிக்கவும்.

கீழே மூன்றடிக்குப் பழைய காரையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர் இரண்டு கோட்டு. இது என் யோசனை இல்லை, யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு இப்போது அறுபத்து நான்கு வயது, கண்ணில் புரை எடுத்தாயிற்று. சாரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் கீழே நின்றுகொண்டே சுண்ணாம்பு நூல் அடித்து, கட்டம் பிரித்து, சின்னத் தாளில் இருப்பதை முப்பதடிக்கு ஏற்றிக் கொடுப்பார். புரொஜெக்டர் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை. மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக் கொடுக்கிறோம். பன்னிரண்டு பேர் ஒழுங்காக வருவார்கள், பஜ்ஜி போட்டால் முப்பது பேர். அடுத்த ஞாயிறு வாருங்கள். அந்த டேப்லெட்டையும் எடுத்து வாருங்கள். நூலை நேற்றே எடுத்து முடிச்சு அவிழ்த்து வைத்துவிட்டார், நான் இந்த மடல் எழுதுவது அவருக்கு இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
உங்களிடம் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிய அக்கா,
கண்ணகி நகர், சென்னை